குரங்கு மொகம் வாடகைக்கு இல்லை

மொகமூடியப் பத்தியா எழுதப் போறீங்க? எழுதுங்க, எழுதுங்க. நிக்காதீங்க தம்பி. அந்த எருமத்தலைய அங்கிட்டு நகட்டிட்டு உக்காருங்க, அது ஒண்ணும் செய்யாது. வருசத்துல ஒரு நாள், தசராவுக்கு, குலசைக் கடக்கரையில அம்மன் கையால சாவும், மத்த நாளெல்லாம் என் கடையில தூசி அடைஞ்சு கெடக்கும். மகிசாசுரன் பொழப்பு அவ்வளவுதான்.

போன வருசமும் ஒருத்தன் வந்தான், கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு. ‘இது எந்த நூற்றாண்டுக் கலைம்மா?’ன்னு கேட்டான். போன வெள்ளிக்கெழம செஞ்சது தம்பின்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. அவனுக்கு எல்லாம் பழசா இருக்கணும், பூச்சி அரிச்சிருக்கணும், நான் ஒரு மூலையில உக்காந்து ஒப்பாரி வைக்கணும். என் கடைக்கு என்ன கொறச்சல்? தசரா வந்துட்டா உடன்குடியில எனக்குக் கஞ்சி குடிக்க நேரமிருக்காது. நீங்களாவது ஒழுங்கா எழுதுங்க.

அந்தக் குரங்குல கைய வைக்காதீங்க. ஆணியில தொங்குதுலா, அதத்தான் சொல்லுதேன். மத்தது எத வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. அது வேண்டாம். அது வாடகைக்கும் இல்ல.

வரலாறு கேக்கீங்க, சொல்லுதேன். எங்க மாமனாரு காலத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் மொகமூடின்னு ஒண்ணு கெடையாதாம். அடுப்புக்கரி, சுண்ணாம்பு, செந்தூரம், தீந்துது. கரியப் பூசினா கரடி, செவப்பப் பூசினா குரங்கு, ரெண்டையும் இழுத்து விட்டா புலி. பொறவு ஒரு நாடகக் கம்பெனிக்காரன் வந்து கொட்டகை போட்டானாம். மழை பிடிச்சுக்கிட்டுது, ஆளு வரல. ஒரு பெட்டிய எங்க மாமனாரு வீட்டுல வச்சுட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லையாம். தொறந்து பாத்தா ஒரு அசுரன் தல, ஒரு குரங்கு மொகம். அதப் பாத்து அச்சு எடுத்துத்தான் இவரு தொழில ஆரம்பிச்சாராம். இது அவரு சொன்னது. அந்த மனுசன் சொன்னதுல முக்காவாசி பொய்யி. நீங்க வரலாறுன்னு எழுதிக்கிடுங்க, எனக்கென்ன.

செய்யுதது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. களிமண்ணுல அச்சு பிடிக்கணும். பழைய பேப்பர ஊறப்போட்டு, புளியங்கொட்டைப் பசையில கொழச்சு, அச்சு மேல அப்பணும். காஞ்ச பொறவு உரிச்சு எடுத்து, சுண்ணாம்பு அடிச்சு, வர்ணம் தீட்டணும். அந்தக் குரங்கு அப்படிச் செஞ்சதுதான். இந்தக் காகிதக்கூழு மொகத்துக்கு ஒரு கொணம் உண்டு, அத எழுதிக்கிடுங்க. உள்ள வேர்க்காது. எந்த வெயில்ல ஆடினாலும் உள்ள காஞ்சு போயிக் கெடக்கும்.

ரப்பர் மொகம் அப்படி இல்ல. அது டெல்லியில இருந்து பார்சல்ல வருது. மாட்டின கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கவன் வெந்து போவான். அதையும் கேட்டு வாரானுவ. பேயி வேணுமாம், பிசாசு வேணுமாம், மூக்கு நீட்டமா ஒரு வெள்ளக்காரக் கெழவன் இருக்கான், அவனும் வேணுமாம். வெள்ளக்காரக் கெழவன் அம்மாவுக்கு என்னத்த நேந்துக்கிட்டான்னு ஒருத்தனும் யோசிக்க மாட்டான். கேட்டா எடுத்துக் குடுப்பேன். வெளங்காதவனுக்கு வெளங்க வைக்கதா என் வேல?

காளிக்கு மட்டும் மொகமூடி கெடையாது. அம்மா மொகத்த மூடிக்கிட்டு வரமாட்டா. அவளுக்கு மொகத்துலயே வரையணும். தகரத்துல நாக்கு, ரெண்டு கோரப்பல்லு, சடைமுடி, கிரீடம், முதுகுல கட்டுத மரக்கை. கண்ணு வரையுததுதான் கஷ்டம். இந்தச் சுத்து வட்டாரத்துல அத என்னைய மாதிரி வரைய ஆளு கெடையாது. எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துலயே நாந்தான் வரைவேன். அவரு வரைஞ்சா காளிக்கு மாறுகண்ணு விழுந்துரும்.

மொகமூடி எதுக்குன்னு கேட்டீங்கன்னா, என்னையக் கேட்டா, வெக்கம் போறதுக்குத்தான். இங்க வேசம் போடுதவன் ஊரு ஊரா, வீடு வீடாப் போயிக் கையேந்தணும். அப்படிக் கெடைக்கிதத அம்மா உண்டியல்ல போடணும், அதான் நேத்திக்கடன். சும்மா மொகத்தோட போயி எவன் கையேந்துவான்? அதான் மூடிக்கிடுதான். உங்க புஸ்தகத்துல இத விடப் பெரிய காரணம் எதுவும் இருந்தா எனக்கும் வந்து சொல்லுங்க.

வழக்கம்னு பாத்தா எங்க தசரா செட்டுல, சேந்து வேசம் கட்டுத கூட்டத்துல, சிலது உண்டு. மொகம் மாட்டினவன் வாயத் தொறந்து பேசக்கூடாது, சாடைதான். வேசக்காரன் வாசல்ல வந்து தட்ட நீட்டினா, அவன் உங்களுக்கு எதிரியாவே இருந்தாலும் இல்லன்னு சொல்லக்கூடாது. அப்புறம், நேந்து மாட்டின மொகத்த அடுத்தவன் கழட்டக்கூடாது. வெரதத்துக்குக் கையில கட்டின காப்பு அவுக்குத வரைக்கும் அது அவன் மொகம். இதெல்லாம் எங்க மாமனாரு வச்சுட்டுப் போனது.

ஆளுகளப் பத்தி எழுதணும்னா எங்கிட்ட வண்டி வண்டியா இருக்கு. போலீஸ் வேசம் கேட்டு வாரவன் முக்காவாசிப் பேரு உள்ள போயிட்டு வந்தவன். பிச்சக்கார வேசத்துக்குக் காருல வந்து எறங்குவான். பொம்பள வேசம் போடுதவனப் பாருங்க, வீட்டுல பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சேல எடுத்துக் குடுத்திருக்க மாட்டான், இங்க வந்து பட்டு வேணும்பான், அதுலயும் பாடரு பெருசா வேணும்பான். எவன் எந்த மொகத்த மாட்டினாலும் எனக்கு ஆளத் தெரிஞ்சுரும் தம்பி. நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன், குதிகாலப் பாப்பேன். இத்தன வருசத்துல ஒருத்தனும் என்னைய ஏமாத்துனதில்ல.

இந்தக் குரங்கு மொகத்த வருசா வருசம் எடுத்துட்டுப் போறவன் தவசிமணின்னு ஒருத்தன். தேரிப் பக்கத்துக்காரன், அந்தச் செம்மணல் காடு. முருங்கைக்கா ஏத்துத டெம்போ ஓட்டுதான். அவன் அம்மா அன்னத்தாயி கருப்பட்டி காச்சுதவ. கடைக்கு வந்தா வாசல்ல நிக்க வச்சுத்தான் பேசுவேன், உள்ள வான்னு சொன்னதில்ல. பொறவு என்ன, பனங்காட்டு மண்ணு பூராவும் அவ கால்லதான் இருக்கும். இருக்கதுலயே மட்டமான வேசம் குரங்குதான். ஒரு மொகம், ஒரு வாலு, ஒரு பழைய சாக்கு. அதத்தான் அவன் வருசம் தவறாம வந்து கேப்பான். அவனவன் தகுதிக்குத் தக்கன அம்மா குடுத்திருக்கா.

காளி வேசம்னா அருணகிரி. அவன் கதையச் சொன்னாத்தான் மத்தது புரியும். திருச்செந்தூர்ல செல்போன் கடை வச்சிருக்கான். என்னா ஒடம்பு, என்னா கண்ணு. வெரதத்துல இருந்து அவன் வந்து ஸ்டூல்ல உக்காந்தான்னா நான் செருப்பக் கழட்டிட்டுத்தான் கிட்டப் போவேன். நான் கண்ண வரைஞ்சு முடிச்சு, நாக்க மாட்டி விட்டு, கிரீடத்தத் தூக்கி வச்ச ஒடனே எந்திரிச்சு ஒரு உறுமல் உறுமுவான் பாருங்க. நான் வரைஞ்ச மொகத்துக்கு முன்னால நானே விழுந்து கும்பிடுவேன். சும்மா இல்ல, அம்மாவே வந்து எறங்கின மாதிரி இருக்கும்.

எனக்கு ஒத்தப் புள்ள, பொன்மலர். எம்.காம் படிச்ச கழுத. தூத்துக்குடியில வேல பாக்கா, அங்கனயே ஹாஸ்டல்ல இருக்கா. இவள அருணகிரிக்குக் குடுக்கணும்னு நான் முடிவு பண்ணினேன். அம்மா விரும்பி எறங்குத ஒடம்பு, அத விட நல்ல மாப்பிள்ள எங்க கெடைப்பான்? தசரா முடிஞ்ச ஒடனே பூ வைக்கதுன்னு பேச்சு. போன்ல சொன்னேன். ‘எனக்கு அவரப் பிடிக்கலம்மா’ன்னா. பிடிக்கதென்ன பிடிக்காததென்ன, ஒனக்கு மனுசனப் பத்தி என்னட்டி தெரியும்னு போன வச்சுட்டேன்.

தசரா நாள்ல சாயங்காலம் எங்க செட்டு போட்டிருக்க ஓலைக் குடில்ல மேளம் அடிப்பாங்க, காளி ஆடும், பொறவு கேக்குதவங்களுக்கு அருள்வாக்குச் சொல்லும். போன வருசம் தசரா தொடக்கத்துலயே, அருணகிரி மேல எறங்கின அம்மா எங்கிட்ட ஒரு பட்டு கேட்டா. குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக் கொலுசு கேட்டா. அதையும் குடுத்தேன். அது அருணகிரி அக்கா மக கால்ல கெடக்குன்னு வேலையத்தவளுவ வந்து சொன்னாளுவ. அம்மா கேட்டுட்டு யாருக்கு வேணும்னாலும் குடுப்பா, அத நாம கேக்க முடியுமா?

பொறவு ஒரு சாயங்காலம் குடில்ல கூட்டம் நெறைய. நான் முன்னால போயி, ‘தாயே, எம்மவளுக்குப் பூ வைக்க ஒரு நாளக் குறிச்சுச் சொல்லு’ன்னு கேட்டேன். காளி வேப்பங்கொழைய ஓங்கித் தரையில அடிச்சுது. ‘நாளு இருக்கட்டும்ட்டீ. எனக்கு நெலையா நிக்க ஒரு எடம் இல்ல. ஒன் கடைய என் புள்ள அருணகிரி பேருக்கு எழுதி வை. நான் அங்க வந்து ஒக்காந்துக்கிடுதேன்’ அப்படின்னுது.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அம்மாவே என் கடையில வந்து ஒக்காருதேன்னு சொன்னா யாருக்குத்தான் புல்லரிக்காது? எழுதி வச்சிருதேன் தாயின்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். அந்த நேரம் பாத்துப் பக்கத்துல குந்தியிருந்த இந்தக் குரங்கு எந்திரிச்சுது.

ஒரு வேப்பங்கொழைய எடுத்து, காளி அடிச்ச மாதிரியே தரையில அடிச்சுது. யாரோ ஒரு பொட்டப்புள்ளையோட செவப்பு ரிப்பனப் பிடுங்கி வாய்க்கிட்ட நாக்கு மாதிரி தொங்க விட்டுக்கிட்டுது. பொறவு வாயத் தொறக்காம ஒவ்வொண்ணா சாடை காட்டுது. மேளக்காரன் மேளத்தக் காட்டி, அத என் பேருல எழுதுங்குது. ஒரு கெழவன் போட்டிருந்த வாட்ச்சக் காட்டி, எழுதுங்குது. வாசல்ல கெடந்த செருப்பு பூராவும் தன் பேருக்கு எழுதணுங்குது. குடிலே சிரிக்குது. மேளக்காரனுக்குக் கோலு நழுவிப் போச்சு. கடைசியா என் முன்னால வந்து நின்னு, என் கழுத்துச் செயினக் காட்டி, அதையும் எழுதுங்குது.

எனக்கு வந்துதே ஆத்திரம். ஏல டெம்போக்காரப் பயல, அம்மாவையால கேலி பண்ணுத? இப்படிக் கத்திக்கிட்டே குரங்கு தலையப் பிடிச்சு இழுத்தேன். நாடா அத்துக்கிட்டு மொகம் என் கையோட வந்துருச்சு.

உள்ள பொன்மலரு.

அவ என்னையத்தான் பாத்தா. ‘எம்மா, அம்மனுக்கு எதுக்கும்மா பத்திரம்?’னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. கத்தக்கூட இல்ல.

தவசிமணி கால ஒடச்சுக்கிட்டு வீட்டுல கெடக்க, இவ லீவு போட்டுட்டு வந்து அவன் மொகத்த நேந்து மாட்டியிருக்கா. எனக்குத் தெரியாது. அந்த வருசம் அவன் பேரச் சொல்லி வேற ஆளு வந்து மொகத்தக் கேட்டுது, குடுத்து விட்டேன். குதிகாலப் பாக்கலையான்னு கேக்காதீங்க தம்பி. குரங்கு மொகம் வந்தா அது தவசிமணிதான். அத்தன வருசமா அப்படித்தான். அதுக்கு மேல போயி அதுக்குக் குதிகால எவ பாப்பா?

காளி எறங்கிப் போயிட்டா. அருணகிரி நாக்கக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, ‘இவ்வளவு பேருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டிய. அசுர சம்காரத்தன்னைக்குள்ள பத்திரத்தோட வந்து மன்னிப்புக் கேட்டாப் பாக்கலாம்’னுட்டுப் போயிட்டான். அப்ப அவன் மேல எனக்குக் கோவம் வரல, அத ஒளிக்க வேண்டாம். இந்தக் கழுத மேலதான் வந்துது. அள்ளிக் குடுக்க வந்த சம்பந்தத்தக் கெடுத்துட்டாளேன்னு.

செட்டுத் தலைவரு மந்திரம் அண்ணாச்சி ஒரு சளசளத்த மனுசன், ஆனா வழக்கம்னு வந்துட்டா விட மாட்டாரு. ‘பட்டுக்கனி, நேந்து மாட்டின மொகத்த நீ கழட்டிட்ட. கழட்டின கைதான் மாட்டணும். மிச்ச நாளு ஒன் தலையிலதான் அது இருக்கணும். இல்லன்னா நேந்தவளுக்கு ஆகாது’ன்னாரு. நான் ஆடிப் போயிட்டேன். நான் வேசக்கடைக்காரி. ஊருக்கே வேசம் கட்டி விட்டவ, ஒரு நாளும் ஒரு மொகத்த என் தலையில மாட்டுனதில்ல. அதுலயும் குரங்கு. மலரப் பாத்து, நீ என்னத்தட்டி நேந்தன்னு கேட்டேன். நேந்தத முடிக்கதுக்கு முன்னால வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டா.

புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்ன பொறவு என்ன பண்ண? நாடாவ முடிஞ்சு மாட்டினேன்.

அந்த நாளுகளப் பத்தி என்னத்தச் சொல்ல. தட்டத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போறேன், வாயத் தொறக்க வழியில்ல. நான் பேசாம இருந்த நாளு அதுதான் தம்பி. எம் பேச்சுக்கு ஊருல எல்லாவளும் பயப்படுவாளுவ, இப்ப என் முன்னாலயே நின்னுக்கிட்டு என்னையப் பத்திப் பேசுதாளுவ. மொகம் மாறினது எல்லாருக்கும் போயிச் சேரலைலா. ஒருத்தி சொல்லுதா, ‘பட்டுக்கனிக்கு வாயில வெசம்’னு. இன்னொருத்தி சொல்லுதா, ‘அவளுக்கு எவனாவது மினுக்கா வந்து நின்னாப் போதும், சாமிம்பா’ன்னு. நான் தல ஆட்டிக்கிட்டே நிக்கணும், அரிசியப் போடுதாளேன்னு ஒரு துள்ளு வேற துள்ளணும். இந்த மூதிகளோட புருசனுவளுக்கெல்லாம் வருசா வருசம் நான்தான் வேச மூக்கு மாட்டி விட்டிருக்கேன்.

கடைசிக்கு முந்தின நாளு தேரிப் பக்கம் போனோம். அந்த மணல்ல நடந்தா காலு வெந்துரும். அன்னத்தாயி வீட்டு வாசல்ல வந்து நிக்கேன். அவ தலைய வெளிய நீட்டிப் பாத்துட்டு, ‘வா தாயி, மலரு, வெயில்லயா நடந்து வந்த’ன்னா. நான் மலருன்னு நெனைக்கா.

தட்டுல அரிசி போட்டா, ரெண்டு கருப்பட்டி வச்சா. ரெண்டு கையாலயும் வச்சா. வச்சுட்டு மெதுவாச் சொல்லுதா, ‘நீ வந்து எம்மவன் பேரச் சொல்லி மொகத்த வாங்கித் தான்னு கேட்டப்ப எனக்கு பயமாத்தான் இருந்துது. ஆனா நீ நேந்தது நடக்கும் தாயி. அந்தப் பய கையில ஒன்னையக் குடுக்காம அம்மா பாத்துக்கிடுவா’ன்னு.

பாத்தீங்களா? இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு நேந்திருக்கா. அத நான் தலையில சொமந்துக்கிட்டுத் திரியுதேன். கல்யாணம் எப்படியும் நடந்துரணும்னு வாசலுக்கு வாசல் உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டே, நடக்கக் கூடாதுங்கத சொமக்கேன்.

அவ அதோட விடல. ‘ஒங்கம்மா மேல கோவப்படாத மலரு. அவளுக்கு வேசத்தத் தெரிஞ்ச அளவுக்கு ஆளத் தெரியாது. ஆனா ஒத்தையில நின்னு ஒன்னைய வளத்தவ. புள்ளைய ஒரு நல்ல எடத்துல குடுக்கணும்னுதான் கெடந்து தவிக்கா’ன்னா. சொல்லிட்டு என் கால்ல ஒட்டியிருந்த மணல முந்தானையால தட்டி விட்டா.

எப்படி இருக்கு? எனக்கு ஆளத் தெரியாதாம். கருப்பட்டி காச்சுதவ வந்து எனக்குச் சொல்லுதா. வாயத் தொறக்க முடிஞ்சிருந்தா அன்னைக்கு அவளுக்கு நல்லாக் குடுத்திருப்பேன். நான்தான்னு தெரிஞ்சேதான் சொன்னாளோன்னு பொறவு யோசிச்சுப் பாத்தேன். குனிஞ்சு காலத் தட்டி விட்டாளே, என் குதிகால் வெடிப்பப் பாத்திருப்பால்ல? இல்ல, தெரிஞ்சிருக்காது. அவளுக்கு அவ்வளவு விவரம் காணாது.

அந்த எடத்துலயே மொகத்தக் கழட்டி எறிஞ்சிருக்கலாம். எறிஞ்சா நேத்திக்கடன் முறிஞ்சுரும், அருணகிரி கிட்டப் போயி மன்னிப்பு கேட்டுரலாம், பூ வச்சுரலாம். அதெல்லாம் எனக்குத் தோணாமலா இருக்கும்? கைய நாடாவுக்குக் கொண்டு போகத்தான் செஞ்சேன். பொறவு விட்டுட்டேன். எடுத்த வேலைய நடுவுல விட்டா கடை பேரு என்னத்துக்கு ஆகும்? அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

சம்காரத்தன்னைக்குச் சாயங்காலம், கடக்கரைக்குப் போற ரோட்டுல, எங்கிட்டுப் பாத்தாலும் வேசம். எதுக்க அருணகிரி வாரான். வேற எவனோ கண்ணு வரைஞ்சு விட்டிருக்கான், ஒரு கண்ணு மேலயும் ஒரு கண்ணு கீழயும் கெடக்கு. அதப் பாத்த ஒடனே எனக்கு என்னமோ ஆயிப் போச்சு தம்பி. நான் வரையாத காளிய அன்னைக்குத்தான் பக்கத்துல நின்னு பாக்கேன். மாறுகண்ணுக்குக் கீழ அருணகிரிதான் நிக்கான். செல்போன் கடைக்காரன். மேலுதட்டுல வேர்வை வேற.

‘பத்திரம் என்னாச்சு?’ன்னான். மொகத்துக்குள்ள நான்தான்னு அவனுக்குத் தெரியும். கூட்டம் நின்னு பாக்குது. காளி குரலுகூட இல்ல, சொந்தக் குரலுலயே கேக்கான்.

நான் பேசக் கூடாதுலா? தட்டத் தூக்கி அவனுக்கு முன்னால நீட்டினேன்.

மொதல்ல அவனுக்கு வெளங்கல. பொறவு வெளங்கிச்சு. நான் கைய மடக்கல. சுத்தி நிக்கவங்க பூராவும் அவன் கையத்தான் பாக்காங்க. வேசம் போட்டு வந்து கையேந்தினா எதிரின்னாலும் இல்லன்னு சொல்லக்கூடாதுலா? அவனுக்கு ஒரு காசு போட மனசு வரல தம்பி. என் கடைய முழுசாக் கேட்டவன். ‘போட்டீ அங்கிட்டு’ன்னுட்டு ஒதுங்கிப் போனான். காளி பிச்ச இல்லன்னுட்டுப் போறான்னு பின்னால எவனோ சத்தமாவே சொன்னான். அதோட அவன் எங்க செட்டுப் பக்கம் வாரதில்ல. இந்த வருசம் எங்கயோ ராஜா வேசம் போடுதானாம். போடட்டும், அந்த மூஞ்சிக்கு என்ன கொறச்சல்.

நல்ல சம்பந்தம் போச்சேன்னு இப்பவும் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்யுது. இல்லன்னு சொல்ல மாட்டேன். மலரு தூத்துக்குடியில இருக்கா. தெனமும் போன் பண்ணுவா. என்னத்தப் பேசுதா, சாப்பிட்டியாம்மாங்குதா, சாப்பிட்டேங்கேன். அன்னத்தாயி போன வாரம் கருப்பட்டி கொண்டாந்தா. வெளிய வெயிலா இருந்துது, உள்ள வந்து உக்காருன்னேன். வெயிலுக்காகச் சொன்னேன்.

ஏன் தம்பி, எடுக்காதீங்கன்னு சொன்னேம்லா. சரி, எடுத்துட்டீங்க, பாத்துட்டுக் குடுங்க. தவசிமணிக்குக் காலு சரியாயிட்டு, இந்த வருசம் ஆளனுப்பினான், நான் குடுக்கல. அவனுக்குக் கரடி குடுத்திருக்கேன், புதுசு. இத இந்த வருசம் யாரு மாட்டுதான்னு ஒங்களுக்கு எதுக்கு? நாடா புதுசாப் போட்டிருக்கேன், அதுக்கு ஒரு தடவ மாட்டிப் பாக்கணும்லா.

உள்பக்கமா? ஆமா, கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஊறி, கூழு எளகிப் போயிருக்கு. காப்பு அவுத்தன்னைக்கு மலரும் இதையே பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, ‘அழுதியாம்மா?’ன்னு. வேர்வடின்னேன். வேர்வைதான் அது. தேரி வெயிலு அப்படி.

காகிதக்கூழு மொகத்துல வேர்க்காதுன்னு முன்னால சொன்னேனா? எழுதிட்டீங்களா? அத அடிச்சுருங்க தம்பி.